துவரைக்கு ஒரு மில்

என் மகன் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறான், அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு, மேடவாக்கத்தில் ஒரு ஓட்டல் மாடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் தொழில் தொடங்குவது எப்படி என்று வகுப்பு எடுக்கிறான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள், வேலை எப்போது போகுமோ என்ற பயத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். மத்தியானம் அவர்களுக்கு பிரியாணி உண்டு. இவன் அங்கே சொல்வதெல்லாம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த ஒரு பெண் இவனுக்குச் சொன்னது. அவள் பெயரை இவன் சொல்வதில்லை. "நம்ம ஆப்பிரிக்கா கான்டாக்ட்" என்பான்.

நானும் அவள் பெயரை எழுதப்போவதில்லை. என் காரணம் வேறு. அந்தப் பெயர் இந்த ஊரில் பட்டது போதும்.

அவளுடைய நாடு மலாவி. அப்படி ஒரு நாடு இருப்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் தாம்பரத்தில் கல்லூரிப் படிப்புக்கு வந்து ஹாஸ்டலில் இருந்தவள். எங்கள் சபையில் பாட்டுக் குழுவில் பாடுவாள். படிப்பு முடிந்து ஊருக்குப் போய், பல வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திரும்பி வந்தாள். தங்க இடம் தேடி அலைந்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காரர், அவள் கேட்டைத் திறக்கும்போதே வந்து டு-லெட் போர்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாராம். இன்னொரு வீட்டில், "நான்வெஜ் சமைப்பீங்களா" என்று கேட்டார்களாம். கேட்டவர்கள் வீட்டிலிருந்தே கருவாட்டு வாசனை வந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கடைசியில் போதகர் சொல்லி எங்கள் மாடிக்கு வந்தாள். நான் சரி என்றேன். என் மகன் வாடகையைக் கூட்டிச் சொல்லிவிட்டு சரி என்றான்.

வந்த அன்று காபி போட்டுக் கொடுத்தேன். அவள் சட்டென்று தரையில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்கள் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் நான். ஒருத்தி என் முன்னால் முட்டி போட்டால் எங்கே போய் ஒளிவது?

"ஐயோ, எழுந்திரு கண்ணு. யாராவது பாத்தா நான் என்னமோ பண்ணிட்டேன்னு நெனப்பாங்க."

"எங்க ஊர்ல பெரியவங்க கைல வாங்குனாலும் குடுத்தாலும் இப்டித்தாம்மா. நின்னுகினு வாங்குனா, திமிரு புடிச்ச பொண்ணும்பாங்க. எங்கம்மா பாத்தா ஒதப்பா."

அவள் தமிழ் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் கற்றது. அந்த முகத்திலிருந்து அந்தத் தமிழ் வருவதைக் கேட்க ஆட்கள் நின்று பார்ப்பார்கள். அவள் முட்டி போடுவதும் எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. அது காலில் விழுவது இல்லை. தலை குனிவதில்லை, காலைத் தொடுவதில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உடம்பை மட்டும் தாழ்த்துகிறாள். நாம் எழுந்து நின்று கை கூப்புகிறோமே, அந்த மாதிரி.

அவள் வந்தது ஒரு பருப்பு மில்லுக்காக. அவள் ஊரில் சோளக்கொல்லைக்கு நடுவே துவரை விதைப்பார்கள். அவள் அம்மாவுக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. தோலோடு முழுசாக வேகவைத்து, வெள்ளைச் சோளக்களிக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்களாம். மிச்சத்தை லாரிக்காரன் வந்து அவன் சொல்கிற விலைக்கு அள்ளிக்கொண்டு போவான். பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்து, இங்கே உடைத்துப் பருப்பாகி, என் அடுப்பில் சாம்பாராகக் கொதிக்கும். ஒரு வருஷம் நம் அரசாங்கம் வெளிநாட்டுத் துவரை வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டது. அந்த வருஷம் அவள் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடந்ததாம்.

"ஆடு துன்னுச்சு, கோழி துன்னுச்சு, நாங்க துன்னோம். அப்பவும் மிச்சம் கீதும்மா. எங்கம்மா தூக்கத்துல கூட துவர துவரன்னு பொலம்புனா."

முழுத் துவரையாக வைத்திருந்தால் அதை வாங்க நம்மை விட்டால் பெரிதாக ஆள் இல்லை. அங்கேயே உடைத்துப் பருப்பாக்கினால் நம் ஜனங்கள் குடியிருக்கிற எந்த தேசத்துக்கும் அனுப்பலாம், லாரிக்காரன் தயவு வேண்டாம். இதுதான் அவர்கள் கணக்கு. அந்த ஊர் விவசாயிகள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சிறு சங்கம், தமிழ் தெரிந்தவள் என்று இவளை அனுப்பியிருந்தது. பருப்பு மில் நடத்தத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் மிஷினும் முதலும் போட வேண்டும், இடமும் சரக்கும் அவர்கள் கொடுப்பார்கள். அடுத்த அறுப்புக்குள் யாரும் வராவிட்டால் அவள் திரும்பிவிட வேண்டும், பழையபடி லாரிதான். மில்லுக்கென்று தகரக் கொட்டகைகூட கட்டிவிட்டார்கள். வெறும் கொட்டகை. அதன் வாசலில் அவள் அம்மா புதுத் துணி கட்டிக்கொண்டு நிற்கிற படத்தைப் போனில் காட்டினாள்.

தினமும் காலையில் கிளம்பிவிடுவாள். செங்குன்றம், கோயம்பேடு, எங்கெங்கு மண்டி உண்டோ அங்கெல்லாம். சாயங்காலம் வந்து என் சமையல்கட்டு வாசலில் உட்காருவாள்.

"இன்னிக்கு ஒரு சார் சூப்பராப் பேசுனாரும்மா. கண்டிப்பா பண்ணிடலாம்னாரு."

"காபி குடுத்தாரா?"

"பிஸ்கட்டும் குடுத்தாரு."

"அப்ப வரமாட்டாரு."

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அவளே வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு கேசரிம்மா, சுத்தமா வரமாட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். வந்தவளை உட்கார வைத்து, உபசரித்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, வாசல் வரை வந்து வழியனுப்பி, அதோடு மறந்துவிடுவார்கள். அதற்கு மரியாதை என்று பெயர்.

ஒரு நாள் முகம் கடுகடுக்க வந்தாள். படப்பைப் பக்கம் மில்லும் மண்டியும் வைத்திருக்கிற ஒரு பெரியவர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள், அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். நிற்க வைத்தே கேள்வி கேட்டாராம். கரண்ட் எத்தனை நேரம் இருக்கும்? மிஷின் கெட்டால் யார் வந்து பார்ப்பான்? உங்க துவரையில் கல் எவ்வளவு, வண்டு எவ்வளவு? நான் முதல் போட்ட பிறகு உங்க ஆளுங்க என்னைத் துரத்திவிட்டால் யாரிடம் போய் அழுவேன்?

"ரொம்ப பேஜார் புடிச்ச ஆளும்மா."

"அவருதான் கண்ணு வருவாரு" என்றேன்.

அவள் மறுபடி போனாள். மறுபடியும் திட்டு வாங்கி வந்தாள். அப்புறம் அவரே போன் செய்து இன்னும் கொஞ்சம் துவரை கொண்டு வரச் சொன்னார். அந்த வாரம் அவள் மாடியில் பாடிக்கொண்டே துணி துவைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் என் மகனுக்கு மாடியில் ஒருத்தி இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவன் அதுவரை கூடுவாஞ்சேரிக்கு அந்தாண்டை மனை விற்றுக்கொடுக்கிற வேலை செய்துவந்தான். அது படுத்துவிட்டது. திடீரென்று நீளமாக ஒரு பெயர் வைத்து, ஆப்பிரிக்கா வியாபாரத்தை வளர்க்கிற மையம் என்று விசிட்டிங் கார்டு அடித்தான். அதற்கு இவன் டைரக்டர். மையத்தின் விலாசம் எங்கள் வீடு. அதாவது நான் வடாம் காயவைக்கிற மொட்டை மாடி.

"சிஸ்டர், அண்ணாச்சி எனக்கு நல்ல பழக்கம்" என்றான் அவளிடம். "எங்க வியாபாரிங்க சங்கத்துல அவருதான் மூத்தவரு. இப்டி மண்டில போய் நின்னா வேலைக்காவாது. ஒரு மண்டபம் போட்டு, நாலு பேரு முன்னாடி மரியாதை பண்ணணும். அப்பதான் அவரு அசைவாரு."

"அவரு அசைஞ்சிகினுதான் கீறாரு" என்றாள் அவள்.

"முழுசா அசையணும்ல?"

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். பெண்பிள்ளை யாரும் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். நான் பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் தன் ஊர்த் துணியில் தைத்த உடுப்பைப் போட்டிருந்தாள், மஞ்சளும் கறுப்பும். மேடைக்குப் போகும் வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னத் துணிப்பையில் துவரை. அவள் அம்மா பொறுக்கி எடுத்து அனுப்பியது.

பேச்சு ஆரம்பித்தது. ஆப்பிரிக்கா என்றால் சிங்கம் என்றார் ஒருவர். தங்கம் என்றார் இன்னொருவர். "அங்க இருக்கிற ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வெள்ளந்தி, நாமதான் போயி எல்லாம் கத்துக்குடுக்கணும்" என்றார் மூன்றாவது ஆள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். என் காதுப்பக்கம் குனிந்து, "எந்த ஊரச் சொல்றாருன்னு தெரிலம்மா. நல்ல ஊரா கீது, ஒரு வாட்டி போய்ப் பாக்கணும்" என்றாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டு வரிசையாகப் பொன்னாடை போட்டார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டதில் அவள் கழுத்தே தெரியவில்லை. "எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர்ல ஒரு கொட்டாய் கீது" என்று அவள் தொடங்கியதுமே சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை. கொட்டகையைச் சொன்னாள், லாரிக்காரனைச் சொன்னாள், ஆடு தின்ற துவரையைச் சொன்னாள். அண்ணாச்சி ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டார்.

முடித்துவிட்டு அந்தத் துணிப்பையை எடுத்தாள். அண்ணாச்சி முன்னால் போனாள். முழங்காலை ஊன்றினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரே கைதட்டல், விசில்.

"தலைவரே, ஆப்பிரிக்காவே கால்ல வுழுந்துடுச்சு!"

"பாருய்யா, இதான் மரியாத. நம்ம வூட்ல பெத்தது எதுனா இப்டி கும்புடுதா?"

அண்ணாச்சி பாவம், இரண்டடி பின்னால் போனார். "எந்திரிம்மா, எந்திரி, என்னம்மா இது" என்று பையை வாங்கிக்கொண்டார். அவளும் எழுந்துவிட்டாள். அதோடு முடிந்திருக்கும். போட்டோகிராபர், "அண்ணே, கரெக்டா வுழல, இன்னொரு வாட்டி" என்றான். என் மகன் மேடைக்கு ஓடினான். அண்ணாச்சி கையிலிருந்த பையை வாங்கித் திரும்ப அவள் கையில் கொடுத்தான். எங்கே முட்டி போட வேண்டும் என்று காலால் தரையில் காட்டினான்.

"மேடம், கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. அண்ணாச்சி, கைய அவங்க தலைக்கு மேல தூக்குங்க. ஆசீர்வாதம் பண்ற மாதிரி."

அவள் பின்வரிசையில் என்னைத் தேடினாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பி, மறுபடி முட்டி போட்டாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், அதைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள்தான் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. அண்ணாச்சி மருமகன அனுப்பறாராம். அறுப்பு பாக்க. விசாவுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. இதுக்கு நான் நாள் பூரா முட்டி போடுவேன், இன்னா இப்ப?"

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கரணையில் என் தங்கையைப் பார்க்க ஷேர் ஆட்டோவில் போனேன். மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றோம். தலையைத் தூக்கினால், எதிரே ஒரு பெரிய பேனர். இடது பக்கம் என் மகன் கோட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நடுவில் அண்ணாச்சி கையைத் தூக்கியபடி. அவர் காலடியில் அவள். பின்னால் ஒரு சிங்கம், ஒரு கப்பல், ஒரு விமானம். அவள் கையில் இருந்த துணிப்பையை எப்படியோ அழித்துவிட்டிருந்தார்கள். அதனால் அவள் வெறும் கையை ஏந்திக்கொண்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில், "ஆப்பிரிக்கா உங்கள் காலடியில்!" கீழே பயிற்சி வகுப்பு, போன் நம்பர்.

ஆட்டோவில் பக்கத்தில் இருந்த அம்மா, "யாரு இது, பாவம், பிச்சை கேக்குது" என்றாள்.

"இல்லக்கா," என்றார் டிரைவர் திரும்பிப் பார்த்து, "கடன் குடுக்கறவன் கால்ல வுழுது. பேங்க் விளம்பரம்."

அது என் வீட்டுப் பெண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், பேனரில் கோட்டுப் போட்டு நிற்பவன் யார் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

தங்கை வீட்டில் உட்காரப் பிடிக்காமல் உடனே திரும்பிவிட்டேன். மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அதக் கழட்டுடா."

"எத?"

"மேடவாக்கத்துல வச்சிருக்கியே."

"கேம்ப் ரோட்லயும் வச்சிருக்கேன்மா, அத நீ பாக்கல" என்றான் பெருமையாக. "பிராண்டிங்மா. உனக்குப் புரியாது. போன் நிக்காம அடிக்குது தெரியுமா?"

அவள் அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள். அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. அவள் ஊர்ப் பிள்ளைகள் இங்கே படிக்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பியிருந்தார்கள். அவள் சத்தம் போடவில்லை.

"பிரதர், அத எடுத்துடு."

என் மகன் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்காரச் சொன்னான். அவனுக்கு இது கைவந்த கலை, மனை விற்றவன்.

"ஒரு போன் போட்டா எடுத்துடுவாங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அண்ணாச்சிக்கு அந்தப் படம் உசுரு. மண்டில ஃபிரேம் போட்டு மாட்டிட்டாரு. இப்ப நாம எடுத்தா, அந்தப் பொண்ணுக்கு என்கூட நிக்க கேவலமா இருக்காம்பாரு. மருமகனுக்கு டிக்கெட் போடற நேரம். அவரு கோவக்காரர்னு உங்களுக்கே தெரியும். நீங்க சொல்லுங்க. எடுக்கட்டா, வேணாமா?"

அவள் நாற்காலியைத் தள்ளி வைத்தாள்.

"எடுக்கச் சொல்லு கண்ணு" என்றேன். அவன் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. "மில்லு போனாப் போவுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போனாப் போவுதா? உனக்குப் போனாப் போவுதும்மா."

அப்புறம் அவனிடம் சொன்னாள், மருமகன் மலாவிக்குப் போய் இறங்குகிற வரை இருக்கட்டும் என்று. சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு நான் கொண்டுபோன சோற்றை அவள் வாங்கவில்லை.

படம் கடலைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே படிக்கிற பையன் ஒருவன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன், பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று தன் பாஷையில் எழுதி ஊருக்கு அனுப்பிவிட்டான். அவளுடைய சங்கத்துப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்களாம். அவள் அம்மாவும் அங்கே இருந்தாளாம். அவளைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டி கட்டும்போது என்னிடம் சொன்னாள். "முட்டி போட்டது தப்பில்லன்னாங்கம்மா. எங்கம்மாவே போடுவா. மேல எழுதிக்கீதே, அதான். 'உனுக்குத் தெரிஞ்சு எழுதுனாங்களா, தெரியாம எழுதுனாங்களா'ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிகினு இருந்தேன். அப்பறம் எங்கம்மா கேட்டா, 'தெரிஞ்சப்பறம் எடுக்கச் சொன்னியா'ன்னு. அவகிட்ட பொய் சொல்ல முடில."

போகிற அன்று மாடிச் சாவியை என் மகனிடம் நின்றபடி நீட்டினாள். ஒரு கையால், அதுவும் இடது கையால். அவன் போனில் பேசிக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

அவள் போன பிறகு ஒரு மத்தியானம் அண்ணாச்சி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மகன் வீட்டில் இல்லை. வேர்த்து ஒழுக வாசலில் நின்று, "அந்தப் பிள்ளை இல்லியா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

"போயிட்டாளா? மருமகனுக்கு விசா வந்திட்டு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. அந்தப் போர்டு விஷயத்துல அவளுக்கு என் மேல கோவமா?"

"உங்களுக்குத்தான் அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும்னு..." என்று இழுத்தேன்.

"எனக்கா?" அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அதப் பாத்துட்டு என் மக என்கூடப் பேசலம்மா. பொம்பளப் புள்ளயக் கால்ல விழ வச்சுப் படம் புடிச்சிருக்கியேன்னு வீட்ல ஏசுதா. மண்டில நாலு பேரு கேலி பண்ணுதாங்க. எடுத்துப் போடும்யான்னு உம்ம மகனுக்கு நானே போன் போட்டேன். அந்தப் பொண்ணுதான் இருக்கட்டும்னு சொல்லுது, அவ வேலைக்கு அது விளம்பரம், நாம எடுத்தா அவ பொழப்பு போயிரும்னு சொன்னாரு. சரி, அந்தப் புள்ளைக்கு உதவும்னா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அவரிடம் ஒன்றைச் சொல்லி, அவளிடம் ஒன்றைச் சொல்லி, இரண்டு பேரையும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூட வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரு தரம் நேரே பேசியிருந்தால் அன்றே அது இறங்கியிருக்கும். அதைப் பேச அவளுக்குப் பயம், அவருக்குக் கூச்சம். இது நடுவில் நிற்கிற தரகனுக்குத் தெரியாதா?

அவள் ஊர் நம்பரை அவருக்குக் கொடுத்தேன். அவர் விடவில்லை, கூப்பிட்டிருக்கிறார். சங்கத்து ஆட்களோடும் ஆள் வைத்துப் பேசியிருக்கிறார். படத்தில் இருக்கிற பெரியவர் இவர்தானா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றதும், மரியாதையாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மருமகனை வேறு எங்கோ அனுப்பிவிட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு தடவை என்னைப் பார்த்தபோது இதைச் சொன்னார். "எம் மூஞ்சியக் கண்டே வேண்டாங்காங்க" என்று சொல்லிவிட்டு, கீரைக்காரியிடம் சில்லறைக்குச் சண்டை போடப் போய்விட்டார்.

மகனிடம் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஈகோம்மா. நான் பேலன்ஸ் பண்ணேன்" என்றான். "அவங்களுக்கு நான் குடுத்த எக்ஸ்போஷர் வேற எவன் குடுப்பான்? ஊருக்கே தெரிய வச்சேனே."

வகுப்பு நன்றாக நடக்கிறது. மலாவியில் பருப்பு மில் திட்டம் ஒன்று தான் பண்ணியதாக அதில் சொல்கிறான். கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட, அந்த மில் எங்கே ஓடுகிறது என்று கேட்டதில்லை போலிருக்கிறது. அவன் வாங்கிவருகிற அரிசியில்தான் நானும் சாப்பிடுகிறேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. இதை எழுதுவதும் அவன் வீட்டு மேஜையில்தான்.

எப்போதாவது அவள் என் போனுக்குக் கூப்பிடுவாள். போன வாரமும் கூப்பிட்டாள். இந்த வருஷமும் லாரிக்காரன் வந்து, சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டானாம். கொட்டகையில் யாரோ ஆடு கட்டுகிறார்களாம். அம்மா இப்போதெல்லாம் அந்தப் பக்கமாக நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள் என்றாள். உன்கூடப் பேசுகிறாளா என்று கேட்டேன். சாப்பாடு போடுகிறாள் என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் மகன் உள்ளே வந்தான்.

"யாரு, சிஸ்டரா? குடு குடு, நல்ல நேரத்துல பண்ணாங்க. அடுத்த பேட்ச்சுக்கு ஒரு சின்ன வீடியோ வேணும்மா. 'ஹலோ சென்னை, வெல்கம்'னு சொன்னாப் போதும்." கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"யாரும்மா அது, உன் புள்ளையா?" என்றாள் அவள்.

"இல்ல கண்ணு, டிவி" என்றேன். "அவன் ஊர்ல இல்ல."

"அம்மா!" என்றான் அவன்.

நான் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அங்கே மழை உண்டா என்று அவளைக் கேட்டேன்.